பச்சை குத்துதலும் பகுத்தறிவும்



நமது வாலிபர்களுக்குள்ளும் பெண்களுக்குள்ளும் இப்போது சிறு பச்சை குத்திக்கொள்ளும் வழக்கம் வெகுவாய்ப் பரவி வருகின்றது. முன்போல் முழங்கை நிறைய மயிலும் மாரியம்மனும் குத்திக்கொள்ளுவதில்லை. மணிக்கட்டில் ஒரு எழுத்து, காதுக்குப் பின்னால் ஒரு பிறை, விரலில் ஒரு புள்ளி, கணுக்காலில் ஒரு தேதி என்பதாக நெல்மணி அளவிலோ, புளியங்கொட்டை அளவிலோ குத்திக்கொள்ளுகின்றார்கள். கேட்டால், “இது வெறும் அலங்காரமல்ல, எனக்கு இதில் ஒரு அர்த்தம் இருக்கின்றது” என்று சொல்லுகின்றார்கள். இதைப்பற்றி நமது அபிப்பிராயமென்ன, பச்சை குத்திக்கொள்ளுவது மூடநம்பிக்கையில் சேர்ந்ததாகாதா என்று சில தோழர்கள் கேட்கின்றார்கள். வேறு சிலரோ, “குத்திக்கொள்ளுவதென்று தீர்மானித்து விட்டோம், எதைக் குத்திக்கொள்ளுவது, அதைச் சொல்லுங்கள்” என்கின்றார்கள்.

ஊசியிலும் மையிலும் மூடநம்பிக்கை ஒன்றும் இல்லை. 1991ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள்ளிருந்து ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. அவன் செத்து 5,000 ஆண்டுகளுக்கு மேலாகின்றது. அவன் உடம்பில் 61 பச்சைக் குறிகள் இருக்கின்றன. எல்லாம் சின்னச்சின்னக் கோடுகளும் பெருக்கல் குறிகளுந்தான். அனேகமாய் மூட்டுத் தேய்ந்த இடங்களுக்குப் பக்கத்திலேயே அவை இருப்பதால், வலிக்கு வைத்தியமாகக் குத்திக்கொண்டிருக்கலாமென்று ஆராய்ச்சிக்காரர்கள் கருதுகின்றார்கள். ஆகையால் இந்தப் பழக்கத்தை எந்தச் சாஸ்திரமும் எந்த ரிஷியும் நமக்குக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. மனிதனுக்குத் தோல் இருந்தது, முள் இருந்தது, அடுப்பில் கரி இருந்தது, அவ்வளவுதான்.

எனவே நாம் கேட்பது வேறு. ஒருவன் தன் தோலில் எழுதிக்கொண்டதை அவனே யோசித்து, அவனே தீர்மானித்து எழுதிக்கொண்டானா? அல்லது அவனுக்காக ஜாதியோ, மதமோ, கட்டின புருஷனோ, கட்சியோ, சர்க்காரோ தீர்மானித்ததா? “எனக்கு இதில் அர்த்தம் இருக்கின்றது” என்று ஒருவர் சொல்லும்போது, அந்த ‘எனக்கு’ என்ற சொல் மெய்தானா என்று பார்க்கவேண்டும்.

நம் பாட்டிமார்களின் கைகளைப் பாருங்கள். கோலமும், தேளும், மூன்று புள்ளியும், ஐந்து புள்ளியும் மங்கிப்போய்த் தெரியும். குறவர் சமூகப் பெண்கள் கூடையும் ஊசியுமாக ஊர் ஊராய் வந்து குத்திய பச்சை அது. மஞ்சளையும் அகத்திக்கீரையையும் சேர்த்தரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரியைத் தாய்ப்பாலில் குழைத்துக் குத்துவார்கள் என்று பழைய குறிப்புகள் சொல்லுகின்றன. கறுத்த கரியைக் குத்தினால் பச்சையாய்த் தெரிவானேன் என்று கேட்கலாம். கரி பச்சையாய் மாறிவிடுவதில்லை. அது மேல்தோலுக்கு அடியில் கிடக்கின்றது. வெளிச்சம் தோலுக்குள் புகுந்து சிதறித் திரும்பும்போது நம் கண்ணுக்கு நீலமும் பச்சையும் கலந்த சாயலாய்ப் படுகின்றது. அந்தக் குறத்தியின் கைத்தொழில் சாமானியமானதல்ல. படம் வரைந்து பார்க்காமலே, கை நடுங்காமல், அழுகின்ற பிள்ளைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்தியவர்கள் அவர்கள். இன்றைக்குக் குளிர்சாதன அறைக்குள் மின்சார ஊசியை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் ரூபாய் வாங்குகின்றவர்களைக் கலைஞர்கள் என்கின்றோம். மழையிலும் வெயிலிலும் ஒருபடி நெல்லுக்குக் குத்தியவளை வாசற்படிக்கு வெளியில் உட்கார வைத்தோம்.

தொழில் அப்படி. ஆனால் குத்திக்கொண்ட பெண்ணை யார் கேட்டார்கள்? அவளுக்கு வயது எட்டோ பத்தோ இருக்கும். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, ஒருத்தி குத்துவாள். பச்சை இல்லாத கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டோம் என்று சொல்லும் மாமியார் வீடுகள் இருந்தன. “செத்தால் கூட வருவது பச்சை ஒன்றுதான், நகையா வரப்போகின்றது?” என்று அவளுக்குச் சமாதானம் சொல்லப்பட்டது. நெருப்பில் முதலில் வேகின்றது தோல். பச்சை இருப்பதோ அந்தத் தோலுக்குள்தான். இது எப்படிக் கூடப்போகும், எங்கே போகும் என்று அந்தப் பிள்ளை கேட்டிருந்தால் அதிகப்பிரசங்கி என்று வாயில் அடித்திருப்பார்கள்.

இன்னொரு வேடிக்கை. புருஷன் பேரை வாயால் சொல்லக்கூடாது, சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம் பெண்களுக்குக் கற்பித்தார்கள். அதே பெண்ணின் கையில் அதே புருஷன் பேரைக் குத்தியும் வைத்தார்கள். ரேஷன் கடையில் பேர் கேட்டால் வாயைத் திறக்காமல் கையை நீட்டிக் காட்டின அம்மாக்களுண்டு. வாயால் சொன்னால் குறைகின்ற ஆயுசு, ஊசியால் குத்தினால் குறையாது போலும்! அது போகட்டும். அந்தப் புருஷன்மார்களில் எத்தனை பேர் பெண்சாதி பேரைத் தங்கள் கையில் குத்திக்கொண்டார்கள்? மாட்டுக்குச் சூடு போடுகின்றவன் தனக்கும் ஒன்று போட்டுக்கொள்ளுவதில்லை.

சர்க்கார் குத்தின பச்சையும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் ஆயுள் தண்டனை பெற்றவர்களின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சையாய்க் குத்தினார்கள். அது 1849இல் நிறுத்தப்பட்டது. ஜெர்மனியின் நாஜிகள் ஆஷ்விட்ஸ் முகாமில் 1941 முதல் மனிதர்களுக்குப் பேரை எடுத்துவிட்டு நம்பர் குத்தினார்கள். இவையெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கொடுமைகள் என்று நாம் ஆறுதலடைய முடியாது. 1993 டிசம்பரில், சுயராஜ்யம் வந்து 46 ஆண்டுகளுக்குப் பின்னால், அமிர்தசரசில் போலீசார் நான்கு பெண்களைப் பிடித்து அவர்கள் நெற்றியில் ‘ஜேப்கத்ரி’, அதாவது பிக்பாக்கெட்காரி, என்று பச்சை குத்தினார்கள். அந்தப் பெண்கள், குற்றப் பரம்பரையென்று வெள்ளைக்காரன் முத்திரை குத்தின சமூகத்தைச் சேர்ந்தவர்கள். முக்காட்டால் நெற்றியை மூடிக்கொண்டே அவர்கள் கோர்ட்டுக்கு வந்தார்கள். குத்திய போலீஸ்காரர்களில் மூன்று பேருக்குத் தண்டனை கிடைத்தது 2016இல்! ஒரு சொல்தான். விரலால் மறைத்துவிடக்கூடிய அளவுதான். சின்னப் பச்சைதானே என்று அதை யாராவது சொல்ல முடியுமா?

இனி, அர்த்தம் மெய்யாகவே இருக்கின்ற சின்னப் பச்சைகளையும் பார்ப்போம். உலகத்திலேயே மிகச் சிறிய பச்சையும், மிகத் தெளிவான அர்த்தமுள்ள பச்சையும் புற்றுநோய் ஆஸ்பத்திரியில்தான் குத்தப்படுகின்றன. கதிர்வீச்சுச் சிகிச்சை தினந்தோறும் ஒரே இடத்தில் பிசகாமல் விழவேண்டுமென்பதற்காக, நோயாளியின் தோலில் ஊசிமுனையளவுப் புள்ளிகள் சிலவற்றைக் குத்துவதுண்டு. பிழைத்தெழுந்தவர் உடம்பில் அந்தப் புள்ளி இருந்துகொண்டே இருக்கும். மச்சமென்றுதான் பிறர் நினைப்பார்கள். அது என்னவென்று அவருக்குத் தெரியும்.

அமெரிக்காவில் 2013இல் ஏமி புளூயல் என்ற ஒரு பெண்மணி ஆரம்பித்த காரியம் ஒன்றுண்டு. தற்கொலை எண்ணத்தோடு போராடுகின்றவர்கள் அரைப்புள்ளி ஒன்றைக் குத்திக்கொள்ளுவது. எழுதுகின்றவன் முற்றுப்புள்ளி வைத்து வாக்கியத்தை முடித்திருக்கக்கூடிய இடத்தில், முடிக்காமல் அரைப்புள்ளி வைத்து மேலே தொடர்ந்து எழுதுகின்றான் அல்லவா? அதுபோல் நானும் என் வாழ்வை முடிக்காமல் தொடர்ந்தேன் என்பது அதன் அர்த்தம். அந்தப் பெண்மணி 2017இல் காலமாகி விட்டார். குறி நின்று, நம் நாட்டுக்கும் வந்திருக்கின்றது. ஒரு புள்ளியும் ஒரு வளைவும். பட்டவருக்கு அது ஒரு பெரிய சாசனம். டாட்டூ கடையின் படப்புத்தகத்தில் பார்த்து, அழகாயிருக்கின்றதே என்று குத்திக்கொண்டவருக்கு அது அச்சாபீசில் உதிர்ந்த ஒரு எழுத்து. ஆகையால் அர்த்தம் என்பது படத்தில் கிடப்பதில்லை. மனிதனிடத்திலிருந்து படத்துக்குப் போகவேண்டும்.

நமக்கு மிகுந்த விசாரத்தைத் தருகின்ற விஷயத்துக்கு இப்போது வருகின்றோம். தென்ஜில்லாப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் ஜாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டிக்கொண்டு வருவது உங்களுக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவன் கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பேரில் அரசாங்கம் அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் குழு, கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளிக்கூடத்தில் தடைசெய்ய வேண்டுமென்று 2024இல் சிபார்சு செய்தது. நல்ல சிபார்சு. ஆனால் கயிற்றைக் கத்தரிக்கோலால் அறுத்துவிடலாம். அந்தக் கயிறு கட்டியிருந்த அதே மணிக்கட்டில், ஜாதிப் பேரின் முதலெழுத்தையும், ஜாதித் தலைவரென்று சொல்லப்படுகின்றவரின் முகத்தையும், அரிவாளையும் குத்திக்கொள்ளுகின்றார்களே, அதை எந்தக் கத்தரிக்கோலால் அறுப்பது? அவர்களைக் கேட்டாலும், “எனக்கு இதில் அர்த்தம் இருக்கின்றது” என்றுதான் சொல்லுவார்கள்.

தம்பி, அந்த அர்த்தம் உன்னுடையதல்ல. நீ பிறப்பதற்கு முன்பே எழுதி வைத்துக்கொண்டு, உன் கை எப்போது வளருமென்று காத்துக்கொண்டிருந்தார்கள். நீ யோசித்துக் கண்டுபிடித்தது அதில் ஒரு கோடுகூட இல்லை. அன்றியும் ஒரு கேள்வி. ஜாதி பிறவியிலேயே இரத்தத்தில் வருகின்றது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றார்கள். பிறவியிலேயே உடம்பில் இருக்கின்ற ஒன்றை ஊசியால் வேறு ஏன் குத்தவேண்டும்? எருமை தன்னை எருமையென்று காட்டிக்கொள்ள நெற்றியில் எழுதிக்கொண்டு திரிகின்றதா? வேப்பமரத்தில் ‘வேம்பு’ என்று செதுக்கினால்தான் கசக்கின்றதா? எழுதிக் காட்டினாலொழியத் தெரியாத ஜாதி உடம்பில் இல்லையென்பதற்கு, நீ குத்திக்கொண்ட அந்தப் பச்சையே சாட்சி.

தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் அம்பேத்கர் கையெழுத்தையோ ‘ஜெய்பீம்’ என்பதையோ குத்திக்கொள்ளுகின்றார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று சிலர் கெட்டிக்காரத்தனமாய்க் கேட்கின்றார்கள். ஒன்றல்ல. பிறரை மிதிப்பதற்குக் காலைத் தூக்குகின்றவனும், மிதித்த காலைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கின்றவனும் ஒரே காரியம் செய்வதாக நாம் ஒப்பமாட்டோம். ஆனாலும் இங்கேயும் யோசிக்க இடமிருக்கின்றது. சத்தீஸ்கர் பக்கத்தில் ராம்நாமிகள் என்றொரு கூட்டத்தார் இருக்கின்றார்கள். நூறு வருஷங்களுக்கு முன்பு, தீண்டாதாரென்று கோவிலுக்குள் விடாதபோது, “உன் கோவில் எனக்கு எதற்கு?” என்று உடம்பு முழுதும், சிலர் கண்ணிமையில்கூட, ராமன் பேரைக் குத்திக்கொண்டார்கள். அந்தத் துணிச்சலை நாம் மெச்சுகின்றோம். எவன் கோவில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டார்களோ, அவன் பேரையே தேடிக் குத்திக்கொண்டார்களே என்று வருந்தவும் செய்கின்றோம்.

கட்சிக்காரர்களைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2016 பிப்ரவரியில், அப்போது முதலமைச்சராயிருந்த ஜெயலலிதா அவர்களின் 68ஆவது பிறந்தநாளுக்காகச் சென்னையில் கட்சிக்காரர்கள் கூட்டமாய் உட்கார்ந்து அவர் முகத்தைக் கையில் குத்திக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு சிறு பெண்பிள்ளைக்கும் குத்தினார்கள். அது வலி தாங்காமல் அழுதது. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கோலம் குத்தின பாட்டி காலத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நமது தோழர்கள் சிலரும் தலைவர்கள் முகத்தைக் கட்டைவிரல் நகமளவில் குத்திக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கின்றார்கள். அந்த அளவில் குத்தினால், பத்து வருஷம் கழித்து அது தாடியா, ஆலமரமா என்று பார்க்கின்றவர்களுக்கு நீங்கள்தான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இது வெறும் பரிகாசமல்ல. பச்சை எப்படி நிற்கின்றதென்று தெரிந்துகொண்டால் எதைக் குத்துவதென்பதில் பாதி தானே தீர்ந்துவிடும். மேல்தோல் ஓயாமல் உதிர்ந்து புதிதாகின்றது. ஆகவே மையை அதற்கும் அடியிலுள்ள தோலில், ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் இறக்குகின்றார்கள். உடம்பு அதை அந்நியப் பொருளென்று கண்டு, அழுக்கை விழுங்குகின்ற தன் அணுக்களை அனுப்புகின்றது. அவை மையை விழுங்கிவிட்டு, ஜீரணிக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன. அவை செத்தால் வேறு அணுக்கள் வந்து அதே மையை விழுங்கிக்கொள்ளுகின்றன. வருஷங்கள் போகப்போக மை கொஞ்சம் கொஞ்சமாய் அக்கம்பக்கம் கசியும். மயிரிழைக் கோடு நூலாகும். நூல் சணலாகும். பெரிய படத்துக்கு இதனால் நஷ்டமில்லை. சின்னப் படத்துக்கு இதுவே யமன்.

நம் தமிழெழுத்துக்கு இந்த ஆபத்து அதிகம். நம் எழுத்தெல்லாம் சுழி. இரண்டு சுழி ‘ன’வும் மூன்று சுழி ‘ண’வும் மிளகளவில் குத்தினால் சில வருஷத்தில் ஒரே கட்டியாகி, ‘மனம்’ என்று குத்திக்கொண்டவர் கையில் ‘மணம்’ வீசும். மெய்யெழுத்தின் புள்ளி கீழே இறங்கி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ‘அன்பு’ என்பது ‘அனபு’ ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு சுழிக்குள்ளும் ஒரு கடுகு உருளுகின்ற அளவுக்காவது வெற்றுத்தோல் இருக்கும்படி எழுதச் சொல்லுங்கள். அது முடியாதென்றால் சொல்லைக் குறையுங்கள், எழுத்தைச் சிறிதாக்காதீர்கள். எழுதிக் கொடுத்ததை இரண்டு பேரைவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். குத்துகின்றவருக்குத் தமிழ் தெரியாமலிருக்கலாம். விரலிலும் உள்ளங்கை ஓரத்திலும் பாதத்திலும் தோல் அதிகம் தேய்கின்றபடியால் மையும் சீக்கிரம் போய்விடும். முன்கையின் உட்புறம் நன்றாய்த் தாங்கும். கடையில் காட்டுகின்ற படங்களெல்லாம் அனேகமாய் வெள்ளைத்தோலில் அன்றன்று குத்தி எடுத்தவை. “எங்கள் நிறத்துத் தோலில், குத்தி இரண்டு வருஷமானதைக் காட்டு” என்று கேளுங்கள். நம் நிறத்துக்குக் கறுப்பு மைதான் எடுக்கும். மஞ்சளும் வெளிர்நீலமும் போட்ட காசுக்குத் தெரியாது.

எதைக் குத்துவது? நாம் பட்டியல் போட்டுக் கொடுத்தால் அதுவும் ஒரு சாஸ்திரமாகிவிடும். யோசிக்கின்ற வழியை மாத்திரம் சொல்லுகின்றோம். ராசி, நட்சத்திரம், எண் ஜோதிடம் சொன்ன அதிர்ஷ்ட நம்பர், திருஷ்டிக்கண் இவைகளைத் தள்ளுங்கள். இவை கோடிப்பேருக்குப் பொது. உங்களுடையதென்று ஒன்றுமில்லை அவற்றில். காதலர் பேரைப்பற்றி நாம் சொன்னால் கேட்கமாட்டீர்கள். டாட்டூ கடைக்காரரையே கேளுங்கள், அழிக்க வருகின்றவர்களில் யார் அதிகமென்று அவர் சொல்லுவார். உங்கள் வாழ்வில் உங்கள் முயற்சியாலோ, உங்களுக்காகப் பாடுபட்டவர் முயற்சியாலோ மெய்யாக நடந்த ஒன்றை எடுத்து, அதன் ஒரு துண்டை மாத்திரம் வையுங்கள். 1991 முதல் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கைநாட்டை விட்டுக் கையெழுத்துப் போடக் கற்றார்கள். ஊரார் சிரித்தபோதும் சைக்கிள் ஓட்டினார்கள். அப்படி ஒரு தாயின் மகள், தன் அம்மா கோணல்மாணலாய்ப் போட்ட அந்த முதல் கையெழுத்தின் முதலெழுத்தை, கோணல் மாறாமல் தன் கையில் குத்திக்கொள்ளுவாளானால், அதைப் பார்த்து நாம் சந்தோஷப்படுவோம். எழுத்து வேண்டாமென்றால் ஒரு சைக்கிள் மணி போதும். தையல் மெஷினில் படிக்கவைத்த தகப்பனுக்கு மூன்று தையற்புள்ளி போதும். பார்க்கின்றவனுக்கு ஒன்றும் விளங்கவேண்டியதில்லை.

இரத்தவகையைக் குத்திக்கொண்டால் ஆபத்தில் உதவுமே என்று கேட்கின்றார்கள். எந்த டாக்டரும் கையில் எழுதியிருப்பதை நம்பி இரத்தம் ஏற்றமாட்டார், பரிசோதித்தே ஏற்றுவார்.

தீர்மானித்த படத்தை உடனே குத்திக்கொள்ளாமல், அதே இடத்தில் அதே அளவில் மருதாணியால் போட்டு, மங்க மங்கப் புதுப்பித்து இரண்டு மாதம் வைத்துப் பாருங்கள். (திருவிழாவில் விற்கின்ற ‘கறுப்பு மருதாணி’ வேண்டாம், தலைச்சாய மருந்து கலந்து தோலைக் கொப்புளிக்க வைக்கும்.) இரண்டு மாதத்தில் அலுத்துப்போனால் அது உங்களுடைய அர்த்தமல்ல, யாரிடத்திலோ பார்த்த ஆசை. பதினெட்டு வயதுக்கு முன் எதுவும் வேண்டாம். தேர்க்கடையில் ஒரே ஊசியால் பத்துப்பேருக்குக் குத்துகின்றவரிடம் கையை நீட்டாதீர்கள். கல்லீரலைக் கெடுக்கின்ற மஞ்சட்காமாலைக் கிருமிகளும் எய்ட்ஸ் கிருமியும் அந்த ஊசியில் ஏறி வரக்கூடியவை. புது ஊசியை உங்கள் கண்ணெதிரே உறை பிரிக்கச் சொல்லுங்கள். காயமாறினால் தழும்பு தடித்து வளருகின்ற உடம்புக்காரர் இந்தப் பக்கமே வராதிருப்பது நல்லது. குத்திக்கொண்டால் ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு இரத்ததானம் செய்யமுடியாது. பட்டாளத்துக்குப் போக நினைக்கின்ற பிள்ளைகள் முன்கையின் உட்புறமும் புறங்கையும் தவிர வேறிடத்தில் குத்திக்கொண்டால் தேர்வில் தள்ளிவிடுவார்கள்.

ஏற்கெனவே ஜாதிப் பேரையோ வேறெதையோ குத்திக்கொண்டு, இப்போது மனம் மாறி அழிக்க வழி கேட்டு எழுதின தோழர்களுக்கு: கொஞ்சமும் வெட்கப்பட வேண்டாம். லேசர் வைத்தியம் இருக்கின்றது. அது மையைத் துண்டு துண்டாய் உடைக்கும்; உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாய் வெளியேற்றும். ஒரு தடவையில் முடியாது. வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை போகவேண்டும். குத்தினதைவிடச் செலவும் வலியும் அதிகம். கறுப்பு மை மற்ற நிறங்களைவிடச் சுலபத்தில் போகும். நம்மைப்போன்ற கறுத்த தோலில் திட்டுத்திட்டாய் நிறம் மாறக்கூடுமாகையால், அழகுநிலையத்துக்குப் போகாமல் தோல் வைத்தியரிடமே போங்கள். பணமில்லாதவர்கள் மேலேயே வேறு படம் குத்தி மறைக்கலாம். ஆனால் மறைக்கின்ற படம் பழையதைப்போல் இரண்டு மூன்று மடங்கு பெரிதாயும் அடர்த்தியாயும் இருக்கவேண்டியிருக்கும் என்பதை முன்னாலேயே தெரிந்துகொண்டு போங்கள்.